பெட்டி செய்த கதையும் பொதுச் சுவரும்

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று மனைவி கேட்டாள். மகன் தொலைபேசியில் கேட்டான். பால்காரர்கூடக் கேட்டுவிட்டார். வராந்தாவில் மரத்தூளுக்கு நடுவே சாக்கை விரித்து உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். வயது 74. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு எழுதிய கை. செய்துகொண்டிருந்ததோ ஒரு சப்-ஊஃபர் பெட்டி.

கார் டிக்கியிலிருந்து 'தும் தும்' என்று அடித்துக்கொண்டு போகுமே, கல்யாண மண்டபத்தில் நம் நெஞ்சுக்கூட்டைப் பிடித்து உலுக்குமே, அதே சாமான்தான். அதனால்தான் எல்லோரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். நானும் சுளித்தவன்தான். ஆனால் இப்போது என் கட்சி வேறு. அந்தச் சாமான் இளவட்டங்களைவிட நம் வயதுக்காரர்களுக்குத்தான் அதிகம் வேண்டியது. கடையில் விற்கிற மாதிரியான பெட்டி மட்டும் கூடாது. மண்டபத்தில் வைக்கிற மாதிரியும் வைக்கக்கூடாது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடுவில் நான் பட்ட அவமானம் ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு ராத்திரி, "சில்வண்டு என்னமா கத்துது பாருங்க" என்றாள் மனைவி. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் தோட்டத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். தவளை கேட்டது, தெருக்கோடி நாய் கேட்டது, சில்வண்டு இல்லை. காது டாக்டர் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டி, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். பிறகு ஒரு வரைபடம் கொடுத்தார். 250, 500 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு மேஜை மாதிரி சமமாக இருந்தது. 2000-ஐத் தாண்டியதும் மாடிப்படி மாதிரி இறங்கி, 8000-இல் தரைக்கே வந்துவிட்டது. "வயசானா மேல் சத்தம்தான் சார் முதல்ல போகும், கீழ் சத்தம் நிக்கும்" என்றார். எனக்கு மட்டுமில்லை, உங்களில் பலருக்கும் இதே மாடிப்படிதான் இருக்கும், பார்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவர் சொன்ன 'கீழ் சத்தம் நிக்கும்' என்பதை நான் பிடித்துக்கொண்டேன். மிச்சம் இருப்பது அது என்றால் அதையாவது ஒழுங்காகக் கேட்கவேண்டாமா? நம் வீடுகளில் இருப்பது தகடு மாதிரி மெலிந்த டி.வி. அதற்குப் பின்னால் தீப்பெட்டி அளவு ஸ்பீக்கர். அதில் கச்சேரி வைத்தால் மிருதங்கத்தின் வலந்தலை 'டக் டக்' என்று பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்கும். ரவையைப் பிசைந்து அப்பிய இடந்தலை, அந்தத் தொப்பி, அதன் 'தோம்' வரவே வராது. வாசிப்பவர் கை அசைவது கண்ணுக்குத் தெரியும், ஓசை மட்டும் வராது. மேல் சத்தத்தை வயது எடுத்துக்கொண்டது. கீழ் சத்தத்தை டி.வி. செய்தவன் எடுத்துக்கொண்டான். நடுவில் கொஞ்சம் போல மிஞ்சியதைத்தான் சங்கீதம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

(ஒரு எச்சரிக்கை. பேச்சு புரியவில்லை என்று கஷ்டப்படுபவர்களுக்கு சப்-ஊஃபர் உதவாது. பேச்சில் எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது மேல் சத்தம். அதற்குக் காது மெஷின்தான் வழி. அடிச் சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் இருக்கிற பேச்சையும் அது மூடிவிடும்.)

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இங்கிலீஷ்காரன் இந்தச் சாமானுக்கு வைத்த பேரில் நாய் குரைக்கிற சத்தம் இருக்கிறது. 'ஊஃப்' என்று குரைப்பதால் ஊஃபர், அதற்கும் கீழே போவதால் சப்-ஊஃபர். பிரெஞ்சில் 'கேசோன் தெ பாஸ்'. அடிச் சத்தத்தின் பெட்டி, அவ்வளவுதான். இங்கிலீஷ் பேர் உள்ளே இருக்கிற ஸ்பீக்கரைச் சொல்கிறது, பிரெஞ்சுப் பேர் பெட்டியைச் சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் சொன்னதுதான் சரி என்று மூன்று மாதம் மரத்தோடு மல்லாடியபிறகு எனக்குத் தெரிந்தது. ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டுப் பாருங்கள், அடிச் சத்தமே இருக்காது. காகிதக் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் விளிம்பைச் சுற்றி ஓடிவந்து ஒன்றை ஒன்று தின்றுவிடும். பின்பக்கத்துக் காற்றைச் சிறைவைத்தால்தான் முன்பக்கத்துச் சத்தம் பிழைக்கும். சிறைவைப்பது பெட்டி.

எங்கள் வீட்டில் அப்பா காலத்து வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. அப்பா அதை ரேடியோ என்று சொல்லமாட்டார், 'தே எஸ் எஃப்' என்பார். கம்பியில்லாத் தந்தி என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம். தேக்குமரப் பெட்டி, முகப்பில் துணி. இலங்கை வானொலி அதில் கனமாக, அருகில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வரும். அப்பா போனபிறகு அது பழுதாகி, பெட்டியில் கோழி முட்டையிட்டு, கடைசியில் காயலான் கடைக்குப் போனது. போட்டது நான்தான். இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, செய்த கதைக்கு வருகிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். அதோடு வந்த தாளில் மூடிய பெட்டிக்கு 35 லிட்டர் காற்று வேண்டும் என்று போட்டிருந்தது. பெட்டியில் இரண்டு ஜாதி. ஒன்றில் குழாய் வைத்த ஓட்டை இருக்கும். கடைச் சரக்கில் பாதிக்கு மேல் அதுதான். குறிப்பிட்ட ஒரு சுருதியில் அந்தக் குழாய் ஊதிக் கொடுக்கும், சத்தம் பெரிதாகத் தெரியும். கணக்குப் பார்த்துச் செய்தால் அதுவும் நல்ல ஜாதிதான். கடைக்காரனுக்கு வேண்டியது அதிரடி என்பதால் மலிவுப் பெட்டிகளில் எல்லாப் பாட்டிலும் ஒரே 'பூம்' வருகிறது. இன்னொரு ஜாதி முழுக்க மூடிய பெட்டி. சத்தம் கொஞ்சம் குறைவு, ஆனால் அடித்த அடி அடித்த இடத்தில் நிற்கும். தொப்பியில் கையை அழுத்தி இழுக்கும்போது வருமே ஒரு 'கும்கி', அது கும்கியாகவே வரும்.

இந்த மூடிய பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர். 1954-இல். அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதிதான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தைக் கைமாற்றிக் கொடுத்தார்கள், அதனால் எனக்கு மறக்காது. அதுவரை நல்ல அடிச் சத்தம் வேண்டுமென்றால் பீரோ அளவு பெட்டி வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு, பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கினால் சின்னப் பெட்டி போதும் என்று அவர் காட்டினார். 1967-இல் கம்பெனியை விற்றுவிட்டு, பிறகு என்ன செய்தார் தெரியுமா? காது மெஷின் ஆராய்ச்சியில் இறங்கினார். நம் ஆள் என்று தோன்றிவிட்டது எனக்கு.

உள்ளளவு மூன்று பக்கமும் 34 சென்டிமீட்டர் என்று வைத்தேன். பெருக்கினால் 39 லிட்டரும் கொஞ்சமும். உள்ளே தாங்கு கட்டைக்கும் ஸ்பீக்கரின் முதுகுக்கும் கழித்தால் 35 நிற்கும். சதுரப் பெட்டி ஸ்பீக்கருக்கு ஆகாது என்று சொல்வார்கள். மற்ற ஸ்பீக்கருக்கு அது சரி, இதற்கு இல்லை. 40 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம். ஒரு முழம் பெட்டி அதை என்ன செய்துவிடும்!

பலகைக்கு எல்லோரும் சொல்வது எம்.டி.எஃப். அது நன்றாக இழைந்து கொடுக்கும், உண்மைதான். ஆனால் கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற வீட்டில், ஒரு கார்த்திகை மழைக்கே ஓரம் உப்பிக்கொள்ளும். நான் 18 மில்லிமீட்டர் மெரைன் ப்ளைவுட் வாங்கினேன், 710 முத்திரை பார்த்து. மர வாடியிலேயே அறுத்துத் தரச் சொன்னேன். அங்கேதான் தகராறு. என் தாளில் எல்லாம் சென்டிமீட்டர். பள்ளியில் கைவேலை வகுப்பில் ம்சியே சொல்லிக் கொடுத்த வழக்கம். அறுக்கிற தம்பியின் டேப்பில் கண் போவது அங்குலத்துக்கும் நூலுக்கும். "37.6-னா பதினாலு இன்ச்சு ஆறு நூல் சார், வெச்சுக்கலாம்." வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து அடுக்கினால் உடம்பைவிட முகப்பு ஒரு மில்லிமீட்டர் குட்டை. ஒரு மில்லிமீட்டர்தானே என்கிறீர்கள். இழைப்புளி பிடித்து அதைச் சமன்செய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. தோள்பட்டைக்கு ஒரு வாரம். அந்தத் தம்பியைக் குறை சொல்லமாட்டேன். அவன் ஊர் அளவு அவனுக்கு, என் பள்ளி அளவு எனக்கு.

கிளாம்ப் இல்லை. பசை போட்டு, திருகு இறக்கி, கயிற்றால் கட்டி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஒரு நாள் விட்டேன். உள் மூலைகளில் சிலிக்கான் ஓட்டினேன். ஸ்பீக்கருக்கான வட்டத்தை மட்டும் தச்சுவேலை செய்கிற பழைய மாணவர் ஒருவர் (நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்த சொல்தா வீட்டுப் பையன்) மெஷின் கொண்டுவந்து அறுத்துக் கொடுத்தார். உள்ளே திணிக்கப் பழைய தலையணையின் இலவம்பஞ்சு, பறக்காமல் கொசுவலைத் துணியில் தைத்து. பஞ்சு வைத்தால் உள்ளே இருக்கும் காற்றுக்குப் பெட்டி கொஞ்சம் பெரிதானது போல ஆகும். காலுக்கு, அறுந்துபோன ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி ஒட்டினேன். இதைவிட நல்ல ரப்பர் கடையில் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

காற்றுக் கசிகிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. கூம்பை இரண்டு கையாலும் மெதுவாக உள்ளே அழுத்தி விடவேண்டும். டக்கென்று திரும்பினால் எங்கேயோ ஓட்டை. தயங்கித் தயங்கித் திரும்பினால் சரி. என்னுடையது தயங்கியது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

இனி பெயிண்ட். மரவேலையைவிட இதில்தான் நான் தோற்றேன், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

ப்ளைவுட்டின் பரப்பில் பெயிண்ட் ஒழுங்காக நிற்கும். வெட்டு ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும், எத்தனை பூசினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஓரத்துக்கும் திருகுத் தலைக்கும் முதலில் பட்டி பார்த்து, காயவிட்டு, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பட்டி, 220 நம்பர். விரலை ஓட்டினால் இணைப்பு எங்கே என்று தெரியக்கூடாது, கண்ணை நம்பாதீர்கள். பிறகு பிரைமர் இரண்டு கை, நடுவில் தேய்ப்பு. அதன்பிறகுதான் எனாமல். அதிலும் மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே 400 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்து இலேசாக. ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் வழிந்து ஓரத்தில் சொட்டு நிற்கும். ஸ்பீக்கர் உட்காரும் வளையத்தில் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளவேண்டும். தடித்துப்போனால் அங்கே காற்றுக் கசியும்.

இவ்வளவும் தெரிந்துதான் செய்தேன். தெரிந்தும் கோட்டைவிட்டது காலத்தை. மரவேலை முடிந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. பொங்கல் வரைக்கும் பொறுங்கள் என்றாள் மனைவி. பேரன் தீபாவளிக்கு வருகிறான், அவனுக்குக் காட்டவேண்டும் என்று எனக்கு அவசரம். ஈரக்காற்றில் எனாமல் காயவே காயாது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் உள்ளே இறுகிவிட்டது என்பதற்கும் வெயில் காலத்திலேயே பல நாள் வித்தியாசம் இருக்கிறது. மழையில் கேட்கவே வேண்டாம். முதல் பூச்சில் ஒரு கொசு உட்கார்ந்து இன்றைக்கும் இடது பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் பூச்சு முடிந்து நாலாம் நாள், கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். அன்று மாலையே மேலே டபராவோடு காபி வந்து உட்கார்ந்தது. எடுக்கும்போது டபரா பெட்டியோடு வந்தது. வட்டமாக ஒரு வடு. வைத்தது யார் என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

நிறம்? கடையில் எல்லாம் கருப்புதான். எனக்குக் கருப்புப் பெட்டி பிடிக்காது. கடற்கரைப் பக்கத்து வீடுகளின் கடுகு மஞ்சள், ஓரத்தில் வெள்ளைப் பட்டை. பேரன் பார்த்துவிட்டு, "தாத்தா, கவர்னர் மாளிகைக்குக் காவல் கூண்டு மாதிரி இருக்கு" என்றான்.

இனி அந்த அவமானம்.

பெட்டியை எங்கே வைப்பது என்று பார்த்தேன். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடிச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் என்று படித்திருந்தேன். வைத்தேன், தூக்கிக் கொடுத்தது. மிருதங்கம் கூடத்துக்கே வந்துவிட்டது. ஒரு வாரம் தனி ஆவர்த்தனமாகத் தேடித் தேடிப் போட்டேன். எட்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். நாற்பதைத் தாண்டியவன், எனக்குப் பையன்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "தப்பா நினைக்காதீங்க அங்கிள். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி இருபது நாள்தான் ஆகுது. பரண்ல பித்தளைப் பாத்திரம் எல்லாம் அதிருது. நெஞ்சு அடிச்சுக்கிற மாதிரி இருக்குன்னு அழறாங்க. சொல்லாதேன்னாங்க, நான்தான் வந்தேன்."

அவன் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது வருஷப் பழக்கம். இதய ஆபரேஷன் என்பது எனக்குத் தெரியும், போய்ப் பழமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பெட்டி வைத்த மூலைக்கு நேர் அந்தப் பக்கம் அவர் கட்டில் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. தெருமுனை மண்டபத்து ஒலிபெருக்கியைப் பற்றி மூன்று முறை புகார் மனு எழுதியவன் நான். கையெழுத்துக்கு அந்த அக்காவிடமும் போயிருக்கிறேன்.

எங்கள் தெரு வீடுகளுக்கு நடுச் சுவர் ஒன்றுதான். இரண்டு வீட்டுக்கும் பொது. பிரெஞ்சுச் சட்டத்தில் இதற்கு 'மித்துவாயேன்' என்று பேர். 1804-ஆம் வருஷத்து சிவில் சட்டத்தில் இதற்கென்றே பிரிவுகள் உண்டு. செப்பனிடும் செலவு சுவரில் உரிமையுள்ள எல்லோருக்கும். 662-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடுத்தவர் சம்மதம் இல்லாமல் பொதுச் சுவரில் குழி எடுக்கக்கூடாது, அதன்மேல் எதையும் சாய்த்துக் கட்டவும் கூடாது. ஓர் ஆணிக்கு அக்காவின் சம்மதம் கேட்கிற நான் ஒரு வாரம் அந்தச் சுவரையே மத்தளமாக அடித்திருக்கிறேன்.

நம் இன்றைய சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன் (பழைய குமாஸ்தா புத்தி). 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. ஆனால் அளப்பது 'ஏ' என்ற அளவுகோலில். அது மனிதக் காது மெல்லிய ஒலியைக் கேட்கிற விதத்தை ஒட்டிச் செய்தது. அடிச் சத்தத்தைக் கழித்துக்கொண்டே போகும். 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெல் கழிந்துவிடும். அதாவது பாத்திரத்தை அதிரவைக்கிற சத்தத்தில் பெரும்பகுதி மீட்டரிலேயே ஏறாது. சுவரை எளிதாகக் கடப்பது எதுவோ, அதைத்தான் அளவுகோல் கண்டுகொள்வதில்லை. அடிச் சத்தத்தையும் கணக்கில் எடுக்கும் 'சி' அளவுகோல் ஒன்று இருக்கிறது. மண்டபங்களுக்காவது அதையும் சேர்த்து அளக்கவேண்டும். அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளட்டும். நானும் மனு எழுதத்தான் போகிறேன், நாலாவது.

என் வீட்டுக்கு மீட்டர் வேண்டாம், பித்தளைப் பாத்திரம் போதும். பெட்டியை மூலையிலிருந்து எடுத்து, எதிர்ப்பக்கம், என் நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் வைத்தேன். கிட்டே இருப்பதால் சத்தம் பாதி கூட வேண்டியதில்லை. பிறகு அக்கா வீட்டுக்குப் போய் அவர் கட்டிலில் நான் உட்கார்ந்துகொண்டு, என் மனைவியைப் பாட்டுப் போடச் சொல்லி, பையனைப் பரணில் காது வைக்கச் சொன்னேன். தவலை ஒன்று மட்டும் முணுமுணுத்தது. இன்னும் குறைத்தோம். குமிழில் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்; அதைத் தாண்டுவதில்லை. எட்டு மணிக்கு மேல் போடுவதில்லை.

இதில் எனக்குக் கிடைத்த ஆச்சரியம், அந்தக் கோட்டிலேயே எனக்குப் போதுமாக இருந்ததுதான். மெதுவாக வைத்துக் கேட்கும்போது நம் காது அடிச் சத்தத்தைத்தான் முதலில் தவறவிடும். பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து சொன்னது இது. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இதற்குத்தான். அடிச் சத்தம் வராத டி.வி.யில் நாம் அதைத் தேடிக்கொண்டே ஒலியைக் கூட்டிக்கொண்டு போகிறோம். நல்ல பெட்டி ஒன்று இருந்தால் மெதுவாக வைத்தே முழுசாகக் கேட்கலாம். என் டி.வி.யில் முன்பு 32-இல் வைத்தது இப்போது 19-இல் இருக்கிறது. மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அக்கா இப்போது நடமாடுகிறார். போன வெள்ளிக்கிழமை வந்து, பெட்டியைச் சுற்றிப் பார்த்து, "இதுதானா அது?" என்றார். கொசுவைப் பார்த்துச் சிரித்தார். மேலே கையை வைத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க நின்றார். பிறகு, "டபரா வட்டம் இருக்கே, மறுபடி பூசப்போறீங்களா?" என்று கேட்டார். மாசி வெயில் நன்றாக அடிக்கிறது, பூசலாம் என்றுதான் இருக்கிறேன். மஞ்சளில் பாதி டப்பா மிச்சம் இருக்கிறது. மனைவிதான் வேண்டாம் என்கிறாள், வராந்தா இப்போதுதான் சுத்தமாக இருக்கிறதாம்.